காலர் அக்கா பதிவு செய்த சங்கம்

சட்டையில் எல்லாரும் முதலில் பார்ப்பது காலரைத்தான். பை கொஞ்சம் கோணலாக இருந்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். கை ஒரு விரலளவு ஏறியிருந்தால் மடித்து விட்டுக்கொண்டு போய்விடுவார்கள். காலரின் இரண்டு முனைகளில் ஒன்று மயிரிழை நீண்டுவிட்டால் மட்டும், போட்டிருப்பவன் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைச் சுளிப்பான். அதனால் ஏஜென்ட்டின் தையல் கூடத்தில் காலர் மேஜையைக் கண்டவர்களுக்கும் கொடுப்பதில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு பட்டன் கட்ட வந்தவள், கல்யாணத்துக்கு முன்பே அந்த மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் அவள் காலர் அக்கா. டயர்க் கடையில் வேலை பார்த்த புருஷன்கூட அவளோடு சண்டை வந்தால், "நான் உன் கூடத்து ஆளில்ல, காலர் அக்கா" என்பான்.

அந்தக் கூடம் ஒரு பழைய கிடங்கின் மாடி. ஜன்னல்களைத் திறந்தால் துணியில் தூசி படியும் என்று ஏஜென்ட் ஆணி அடித்து வைத்திருந்தான். கம்பெனிகளிடம் மொத்தமாக ஆர்டர் எடுப்பான், கீழே கட்டிங் போடுவான், மாடியில் பெண்கள் பீஸ் கணக்கில் தைப்பார்கள். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவனாக இருப்பதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும். இவன் சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிற ரகம்.

கம்பெனியிலிருந்து அவ்வப்போது ஆட்கள் பார்வையிட வருவார்கள். அதற்கு முந்தின நாள் ஒத்திகை நடக்கும். யார் என்ன கேட்டாலும் முதலில் ஏஜென்ட்டைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், பிறகுதான் கேட்டதற்குப் பதில். ஜன்னல் ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டால், "அண்ணன் எங்களைக் கூடப்பொறந்தவங்க மாதிரி பாத்துக்கிறாரு" என்பதில்தான் தொடங்க வேண்டும். வருஷக் கணக்கில் இதைச் சொல்லிச் சொல்லி அந்தப் பெண்களுக்கு அது ரத்தத்திலேயே ஊறிவிட்டது. சட்டையை இஸ்திரி போட்டவன் வாசலில் வந்து நின்று கணக்குக் கேட்டால்கூட, யாரையாவது புகழ்ந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

காலர் அக்காவின் தம்பி மனைவி அதே கூடத்தில் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். காஜா என்றால் பட்டன் போடுகிற துளை. ஒரு நாள் ஊசி அவள் கட்டை விரலுக்குள் இறங்கி நகத்தின் வழியாக வெளியே வந்தது. விரலைப் பிடித்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்து அழ, பக்கத்தில் அடுக்கியிருந்த சட்டைகளில் ரத்தம் தெறித்துவிட்டது. ஏஜென்ட் ஓடிவந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தான், பதறினான், தண்ணீர் கொடுத்தான். வாரக் கடைசியில் கறை பட்ட சட்டைகளை எல்லாம் அவள் கணக்கில் கழித்துக்கொண்டான். காலர் அக்கா போய்க் கேட்டதற்கு, கம்பெனி அந்தச் சட்டைகளை எடுக்காதே, நான் என்ன செய்வது என்று அதே சிரிப்போடு கேட்டான்.

அன்றைக்குத்தான் அவளுக்குள் சங்கம் என்ற சொல் முளைத்தது. நமக்கு மிஷின் ஓட்டத் தெரியும், வெட்டத் தெரியும், காலர் வைக்கத் தெரியும். ஆர்டர் வாங்க மட்டும் எதற்கு இன்னொருத்தன்? பள்ளிச் சீருடை தைக்கிற வேலையை அரசாங்கம் பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கங்களுக்குத்தான் கொடுக்கிறது என்று அவள் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். பதிவு இல்லாவிட்டால் எத்தனை பேர் கூடினாலும் அது கும்பல்தான். பதிவு ஆகிவிட்டால் அதற்கு ஓர் ஆள் மாதிரி கையெழுத்துப் போடவும் ஒப்பந்தம் போடவும் உரிமை வந்துவிடும். அந்த ஆளை உருவாக்கி நிற்க வைத்து, அதற்குள் தன் காலர் மேஜையைப் போட்டுக்கொண்டு, எவனுக்கும் பல்லிளிக்காமல் சாகும்வரை தைக்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஏஜென்ட்டுக்கு விஷயம் தெரிந்ததும் அவளை முதலில் வேலையிலிருந்து நிறுத்தினான். மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். மரக்கடைக்குப் பின்னால் இருந்த நீளமான கூடத்தை வாடகைக்குப் பிடித்து, அவரவர் வீட்டு மிஷின்களை இறக்கினார்கள். ஜன்னல்கள் எல்லாம் திறந்தே இருந்தன. திரைச்சீலை, தலையணை உறை என்று கிடைத்ததைத் தைத்துக்கொண்டு பதிவுக்குக் காத்திருப்பது என்று முடிவாயிற்று.

பதிவாளர் அலுவலகம் திறக்கிற நேரமும் மிஷின் ஓடுகிற நேரமும் ஒன்று. அங்கே ஒரு நாள் போனால் இங்கே ஒரு நாள் போயிற்று. யாராவது ஒருத்தி அலைந்துதான் ஆக வேண்டும். அமைப்பாளர் என்று காலர் அக்காவின் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள் என்பதால் அவளே அலைந்தாள். அவள் மேஜையில் கொஞ்ச நாளைக்கு என்று வேறொருத்தியை உட்கார வைத்து, முனையை எப்படித் திருப்புவது என்று தானே சொல்லிக் கொடுத்தாள். கொஞ்ச நாள் என்பது ஒன்றரை வருஷம் ஆகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

முதலில் பெயருக்கே நாய் படாத பாடு. ஒற்றுமை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு சங்கம் இருப்பதாகவும், அதில் இரண்டு கோஷ்டிகள் ஒன்றின்மேல் ஒன்று வழக்குப் போட்டிருப்பதாகவும் சொல்லித் திருப்பினார்கள். முன்னேற்றமும் இருந்ததாம், கணக்குக் காட்டாமல் கிடக்கிறதாம். கடைசியில் தையல்காரிகளுக்குத் தெரிந்த வார்த்தையிலிருந்தே ஒன்றை எடுத்து, நேர்த்தையல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் என்று வைத்தார்கள். அது யாருக்கும் தோன்றாததால் நிலைத்தது. பிறகு அமைப்புக் கூட்டத்தின் தீர்மானம், ஆளாளுக்குப் பங்குத்தொகை, வங்கியில் தற்காலிகக் கணக்கு, கூடத்துச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம். ஒன்று சரியானால் இன்னொன்று காலாவதியாகும். அந்த எழுத்தர் இன்று விடுப்பு, இந்த மேஜையில் இன்று ஆளில்லை என்று கேட்டுக் கேட்டு, அலுவலக வராந்தாவில் எந்த பெஞ்சின் கால் ஆடும் என்பதுவரை அவளுக்கு மனப்பாடம். வீட்டில் புருஷன் மூக்கால் அழுதான். ஊருக்கு உழைக்கிறவள் வீட்டுக்கு எப்போது உழைப்பாள் என்று அவன் கேட்டதில் ஒரு நியாயமும் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு நேரமில்லை.

சங்கத்தின் துணைவிதிகளை எழுதிக் கொடுத்தவர் அந்த அலுவலகத்துக்கு எதிரில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற குமாஸ்தா. யார் உறுப்பினர் ஆகலாம் என்ற இடத்தில், சங்கத்தின் நலனில் அக்கறையுள்ள எவரும் என்று வழக்கமாக எழுதுவதை எழுதினார். காலர் அக்கா அதை அடிக்கச் சொன்னாள். இதே ஊரில் முன்பு ஒரு தையல் சங்கம் தொடங்கியபோது, ஏஜென்ட் தன் மனைவி, மச்சான், மச்சான் மனைவி என்று எல்லாரையும் அக்கறையுள்ளவர்களாகச் சேர்த்து, ஒரே தேர்தலில் சங்கத்தை மடியில் கட்டிக்கொண்டு போனது அவளுக்கு மறக்கவில்லை. ஆகவே அவள் சொல்லச் சொல்ல அவர் மாற்றி எழுதினார். சேரும் நாளுக்கு முந்தைய ஓராண்டாகத் தொடர்ந்து தன் கையால் தையல் வேலை செய்தவர் மட்டுமே உறுப்பினர். உறுப்பினர் அல்லாத எவருக்கும் சங்கக் கூடத்தில் வேலை கொடுக்கக் கூடாது.

குமாஸ்தா பேனாவை மூடாமல் அவளைப் பார்த்தார். "கொஞ்சம் சந்து விட்டு வைம்மா. நாளைக்கு உங்களுக்கே தேவைப்படும்."

"சந்து விட்டா அதுல முதல்ல நுழையுறது ஏஜென்ட் பொண்டாட்டிதான் சார். மூடுங்க."

மூடினார். அவள் திரும்பி வந்து அந்த விதியைக் கூடத்தில் படித்துக் காட்டியபோது பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் அவளுக்கு உச்சி குளிர்ந்ததும் உண்மை. கூடத்திலேயே ஊசியைத் தொடாமல் இருந்த ஒரே ஆள் தான்தான் என்பது அப்போது அவளுக்கும் உறைக்கவில்லை, கைதட்டியவர்களுக்கும் உறைக்கவில்லை.

கடைசிக் கட்டமாகப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் ஒருவர் கூடத்துக்கு வந்தார். இளம் வயது, அதிகம் பேசாதவர், லஞ்சத்துக்குத் தலை சொறிகிறவர் இல்லை. அப்படி ஒருத்தர் வந்ததற்காக எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அவர் வருவதற்கு முன்பே காலர் அக்கா சொல்லி வைத்திருந்தாள்: கேட்டதற்கு மட்டும் பதில், வேறு எதுவும் வேண்டாம். ஆனால் வெளியாள் வந்து கேள்வி கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பெண்களுக்கு அதற்கும் முன்பே ஒருவன் சொல்லிக் கொடுத்திருந்தானே. ஏஜென்ட்டை விட்டு வந்தார்கள். அவன் பழக்கிய நாக்கை விட்டு வரவில்லை.

ஆய்வாளர் மிஷின் மிஷினாகப் போய், உங்கள் பெயர் என்ன, என்ன வேலை செய்கிறீர்கள், எவ்வளவு நாளாக என்று கேட்டு எழுதினார். ஒவ்வொருத்தியும் தன் வேலையைச் சொல்வதற்கு முன்னால் காலர் அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னாள். எங்களுக்காக அவங்க வேலையையே விட்டுட்டாங்க என்றாள் ஒருத்தி. மிஷின் பக்கமே வரதில்ல சார், முழு நேரமும் உங்க ஆபீஸ்லதான் என்று இன்னொருத்தி பெருமைப்பட்டாள். ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். அவர் கவனமாக எழுதுகிறாரே என்று அவர்களுக்கு உற்சாகம் கூடிக்கொண்டே போயிற்று. கடைசியாகத் தம்பி மனைவியிடம் வந்தார். நகம் கோணலாக முளைத்திருந்த கட்டை விரலை மடக்கிக்கொண்டு அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"எங்க அண்ணி ஊசியத் தொட்டே ஒன்றரை வருஷம் ஆச்சு சார். அவங்கள மாதிரி ஒரு மனுஷி கிடைக்க மாட்டாங்க."

சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அதில் துளிப் பொய் இல்லை. வாசலில் நின்றுகொண்டிருந்த காலர் அக்கா ஓரடி உள்ளே வைத்தாள். ஓடிப்போய் அவள் வாயைப் பொத்த முடியுமா? ஆய்வாளர் காலர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். இதெல்லாம் உண்மையா என்று கேட்டார். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. சொன்னாலும் அத்தனை பேரையும் பொய்யர்கள் ஆக்க வேண்டியிருக்கும். ஆமாம் என்றாள்.

கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. மனு சரி, துணைவிதிகள் சரி, மிஷின்களும் ஆட்களும் சரி. அமைப்பாளர் மட்டும் சங்கத்தின் சொந்த விதிப்படி உறுப்பினராகத் தகுதியில்லாதவர். அவர் பெயரை நீக்கி வேறொருவரைப் போட்டுத் தீர்மானம் அனுப்பினால் உடனே பதிவு. இல்லாவிட்டால் விதியைத் திருத்தி, புதிதாகக் கூட்டம் போட்டு, முதலிலிருந்து மனு செய்ய வேண்டும். முதலிலிருந்து என்றால் இன்னும் ஒரு வருஷம் போய்விடும், அதற்குள் அந்த ஆண்டுச் சீருடை ஆர்டரும் கைநழுவிவிடும்.

கூட்டம் போட்டார்கள். அதற்கு முன்தினம் முழுக்கக் காலர் அக்கா தனக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தாள். நீங்கள் இல்லாமல் சங்கமே வேண்டாம் என்று அவர்கள் சொல்வார்கள். ஒரு வருஷம் காத்திருக்கலாம் என்று தம்பி மனைவி அழுவாள். அப்போது அவள் எழுந்து, வேண்டாம், வயிற்றுப் பிழைப்பு முக்கியம், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். அவர்கள் மறுக்க, அவள் வற்புறுத்த, கடைசியில் ஏதாவது ஒரு வழி பிறக்கும். தியாகம் செய்கிறவளுக்கும் எதிரில் ஒருத்தர் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அது கேவலம் ஒன்றுமில்லை, மனுஷ இயல்புதான்.

கடிதத்தைப் படித்து முடித்தாள். ஒருத்தி நூல் கண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். புதிதாகக் காலர் மேஜையில் உட்கார்ந்தவள் தரையைப் பார்த்தாள். தம்பி மனைவிதான் எழுந்தாள்.

"அண்ணி மனசு நமக்குத் தெரியாதா? நாம கேக்கவே வேணாம். நமக்காக அவங்களே ஒதுங்கிக்குவாங்க."

கைதட்டினார்கள். முன்பு விதியைப் படித்தபோது தட்டியதைவிடப் பலமாக, சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்கள். காலர் அக்கா தயார் செய்த பேச்சில் ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. யாரும் அவளைத் துரத்தவில்லை, திட்டவில்லை. புகழ்ந்தே வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். ஒருத்தியாவது வாய் வார்த்தைக்காவது ஒரு வேண்டாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தீர்மானத்தில் விலகிக்கொள்பவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். புதிய அமைப்பாளர் என்ற இடத்தில் தம்பி மனைவி போட்டாள்.

பதிவு ஆயிற்று. சீருடை ஆர்டரும் வந்தது. காலர் அக்கா கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். வீட்டு மிஷினையும் கூடத்துக்குக் கொடுத்திருந்தாள். ஆர்டர் முடிகிறவரை இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். கூடத்துக்குள் போய்த் தைக்கலாம் என்றால், உறுப்பினர் அல்லாதவருக்கு வேலை கொடுக்கக் கூடாது. உறுப்பினர் ஆகலாம் என்றால், ஒரு வருஷம் தொடர்ந்து தைத்திருக்க வேண்டும். தைப்பதற்கு அந்த ஊரில் இன்னொரு கூடம்தான் இருந்தது.

ஏஜென்ட் அவளை நிற்க வைத்து ஏதாவது கேட்பான், நாலு வார்த்தை குத்திக் காட்டுவான் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு போனாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. காலர் வைக்க ஆளில்லாமல் அவன் திண்டாடிக்கொண்டிருந்தான். மேஜை காலியாகத்தான் இருக்கிறது, போய் உட்கார் என்றான், அதே சிரிப்போடு. அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தன்னுடைய அத்தனை அலைச்சலும் அவனுக்கு ஒரு ஆள் பற்றாக்குறை என்ற அளவில்தான் பட்டிருக்கிறது என்பதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. ஆணி அடித்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தைத்தாள்.

அந்த வருஷம் முடிந்ததும் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, விண்ணப்பத்தோடு சங்கத்துக்குப் போனாள். கூடத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். புது மிஷின்கள் வந்திருந்தன. பக்கத்து ஊரிலிருந்து சங்கம் தொடங்க வேண்டும் என்று சில பெண்கள் விவரம் கேட்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவியின் மேஜையிலிருந்து எழுந்து ஓடிவந்து தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாசத்துக்கு ஒரு குறையுமில்லை.

விண்ணப்பத்தை வாங்கிப் படித்தவள் முகம் தொங்கிப்போயிற்று. குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். சங்கத்தின் விலை விவரங்களை யாரோ ஏஜென்ட்டுக்குச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு சந்தேகம் வந்ததாம். அதனால் அவனிடம் வேலை செய்கிறவர்களை இனிச் சேர்ப்பதில்லை, அவனிடம் தைத்த நாளைக் கணக்கில் எடுப்பதும் இல்லை என்று நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறார்களாம். அண்ணியை மனதில் வைத்து இல்லை, பொதுவாகப் போட்டது. அவனை விட்டு விலகி வந்தால் சேர்க்கலாமா என்று காலர் அக்கா கேட்டாள். சேர்க்கலாம்தான், ஆனால் அப்போது வேறெங்காவது ஒரு வருஷம் தைத்திருக்க வேண்டுமே என்றாள் தம்பி மனைவி. அந்த விதி எழுதியது யார் என்று இருவரும் பேசவில்லை.

"அத விடுங்க அண்ணி, இங்க பாருங்க" என்று தம்பி மனைவி அவளை இழுத்துக்கொண்டு போய்க் காலர் மேஜைக்கு மேலே சுவரைக் காட்டினாள். சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, அவளுடைய படம் பெரிதாகத் தொங்கியது. அமைப்புக் கூட்டத்தில் எடுத்த படத்திலிருந்து மற்றவர்களை வெட்டிவிட்டு அவளை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். செத்தவர்களைத்தான் இப்படி மாட்டுவார்கள். கீழே மேஜையில் உட்கார்ந்திருந்தவள் தைப்பதை நிறுத்தாமல் மரியாதையாகத் தலையை மட்டும் சாய்த்தாள். அவள் வைத்த காலரில் இடது முனை கொஞ்சம் நீண்டிருந்தது.

காலர் அக்கா அந்த முனையிலிருந்து கண்ணை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் யாரிடமும் தனக்கென்று எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டாள்.

"படம் வேணாம்டி. அதக் கழட்டிட்டு எனக்கு ஒரு ஸ்டூல் போடு. ஓரமா உக்காந்து தைக்கிறேன்."

தம்பி மனைவி சிரித்தபடி பெஞ்சில் இருந்த பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா, இதான் எங்க அண்ணி. படத்தக் கூட வேணாங்கிறாங்க. தனக்குன்னு எதுவுமே கேக்க மாட்டாங்க."

வந்திருந்த பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மிஷின்கள் நின்று, கூடமும் சேர்ந்து தட்டியது. காலர் அக்கா விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. மதியத்துக்குள் ஏஜென்ட்டின் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். மேஜையில் அவளுக்காகக் காலர்த் துணி வெட்டி அடுக்கியிருந்தது. உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள்.